முன்பக்கத் தோள்

கில்பார்னா
3 பிப்ரவரி 1963

குருவி,

இந்த விலாசம் சரியா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். பாக்கி மின்னோக்கின் அக்காள் மகன் லண்டனில் கோயில் வாசலில் உன்னைப் பார்த்தானாம். தெருப் பெயரைப் பாக்கி, கடையில் சர்க்கரை மடிக்கிற தாளில் எழுதிக் கொடுத்தான். "எழுது டீலியா, காயிதம் ஒண்ணும் உன்னைக் கடிச்சிடாது" என்றான். அவன் வெறும் கடைக்காரனா? நம் ஊர் ஆட்டக் கிளப்புக்குச் செயலாளரும் அவன்தானே. அவனுக்கு உன் கால்கள் வேண்டும். அது எனக்குத் தெரியாதா.

இங்கே கிறிஸ்மஸ் முதல் ஒரே பனி. கிணற்று வாளி கல்லாகிவிட்டது. மாடுகள் மூன்றும் சுகம். சிவப்பி கன்று போட்டாள். பிடிக்க ஆள் இல்லை. நானே கன்றின் காலில் கயிறு கட்டி, கதவு நிலையில் என் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். கிடேரி.

டோனல் போய்ப் பத்து மாதம். நீ போய் ஒன்பது. அண்ணனுடைய மாதப் பூசை முடிந்த மறுநாள், சைக்கிளை ரயிலடிச் சுவரில் சாய்த்துவிட்டு ரயில் ஏறிவிட்டாய். ஒரு சொல் சொல்லவில்லை. சைக்கிளைப் பாக்கிதான் உருட்டிக்கொண்டு வந்தான்.

பக்கச் சுவரில் நீங்கள் இரண்டு பேரும் பந்து அடித்த தடங்கள் அப்படியே இருக்கின்றன. போன கோடையில் நான் சுண்ணாம்பு அடிக்கவில்லை. அடிக்கப் போனேன், கை வரவில்லை.

உன் மட்டையை அடுப்பில் போட்டேன். அது உனக்குத் தெரியும். நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி அதைத் தொடாதே. நீ அடித்த பந்து ஒரு தாய்க்குச் செய்தது போதும். அங்கே நம் கிளேர் மாவட்டத்துப் பையன்கள் ஆடக் கூப்பிடுவார்கள். போகாதே. இது ஒன்றை எனக்காகச் செய்.

சாப்பிடுகிறாயா? காலுறை பின்னி வைத்திருக்கிறேன். விலாசம் சரி என்று தெரிந்தால் அனுப்புகிறேன்.

அம்மா


லண்டன்
24 பிப்ரவரி 1963

அம்மா,

விலாசம் சரி. காலுறை அனுப்பு.

வேலை குழி தோண்டுவது. தண்ணீர்க் குழாய்க்கு. தரை உறைந்து கிடப்பதால் கடப்பாறை போட்டால் கை எல்லாம் அதிர்கிறது. எங்கள் மேஸ்திரி நம் நாட்டுக்காரர்தான், மேயோ மாவட்டம். "கிளேர்க்காரன் குழி தோண்டறதும் பாட்டுப் பாடறதும் ஒண்ணு, முடிக்கவே மாட்டான்" என்று நாள் முழுக்கச் சொல்லுவார். வீட்டுக்கார அம்மாள் வெள்ளிக்கிழமை மீன் போடுகிறாள். மீனுக்கு உயிர் இருந்த காலம் அவளுக்கும் மறந்திருக்கும்.

கிடேரிக்குப் பெயர் வைத்தாயா?

சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போடச் சொல். துருப்பிடித்துவிடும்.

நீ கேட்டதைச் செய்கிறேன். மட்டையைத் தொடவில்லை. தொட மாட்டேன்.

உன்னிடம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. இப்போது வேண்டாம்.

ஃபிண்டன்


கில்பார்னா
20 ஜூன் 1963

ஃபிண்டன்,

இந்தத் தடவை குருவி என்று எழுத மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பாக்கி வந்து வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சாவுக்கு நின்றது மாதிரி.

"உட்காரு டீலியா."

"நான் எதுக்கு உட்காரணும்? கையெல்லாம் மாவு."

"லண்டன் ஆட்டம் பேப்பர்ல போட்டிருக்கான். வேற எவனாவது வந்து காட்டறதுக்கு முன்னால நீ பாத்துடு."

அவன் விரலை வைத்த இடத்தில் படித்தேன். எனக்கு வேகமாகப் படிக்க வராது, உனக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். டோனல் ஹெஹிர், இரண்டு கோல், நான்கு புள்ளி.

ஃபிண்டன், கையில் இருந்த மாவைத் துடைக்கிற நேரம்தான் இருக்கும். அந்த நேரம் என் பிள்ளை உயிரோடு இருந்தான். லண்டனில் இருந்தான். மண்ணுக்குள் கிடப்பது வேறு எவனோ, எல்லோரும் தப்பாகப் புதைத்துவிட்டோம் என்று நினைத்தேன். அவன் பசியோடு வருவான் என்றுகூட நினைத்தேன். பிறகு பாக்கியின் முகத்தைப் பார்த்தேன். இது உன் வேலை என்று புரிந்தது.

மட்டையைத் தொட மாட்டேன் என்று எழுதிய கைதானே அது? சரி, தொட்டாய். தொட்டவன் உன் பெயரில் தொட்டிருக்கக் கூடாதா?

மறுநாள் பால் ஊற்றப் போனேன். பக்கத்து ஊர் ட்ரமீன் ஆள் ஒருவன் வண்டி மேலிருந்து கேட்டான், "என்ன டீலியா, உங்க ஊருல செத்தவங்களையும் ஆட விடறீங்களாமே? எங்க கல்லறையிலயும் நல்ல கோல்காப்பாளன் ஒருத்தன் சும்மா படுத்திருக்கான், அனுப்பட்டுமா?" எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்தினார்கள். நான் பால் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிறு சாமியார் பூசையில் வாசித்தார், டோனல் ஹெஹிரின் ஆத்துமாவுக்காக என்று. முழங்காலில் நின்று கேட்டேன். அதே ஞாயிறுதானே நீ அந்தப் பெயரை வெயிலில் ஓடவிட்டது?

அவனிடம் மிச்சம் இருந்தது பெயர் ஒன்றுதான். அதை அவனுக்குத் திருப்பிக் கொடு.

அம்மா


லண்டன்
7 ஜூலை 1963

அம்மா,

பொய் சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்குக் கேட்கவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு ஞாயிறு, கூட வேலை செய்கிறவர்கள் மைதானத்துக்கு இழுத்துப் போனார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஒருத்தனுக்கு விரல் உடைந்தது. அவன் மட்டையை என் கையில் திணித்தார்கள். செயலாளர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எந்த ஊரு?"

"கிளேர். கில்பார்னா."

"அப்ப அங்க பதிஞ்சிருப்பே. உன் கிளப்பு விட்டுக்கொடுத்து எழுதின காயிதம் இல்லாம உன் பேருல ஆட முடியாது. வேற ஏதாவது பேரு சொல்லு. முழிக்காதேடா, இங்க பாதிப் பேரு அப்படித்தான். எங்க கோல்காப்பாளன் பேருக்குச் சொந்தக்காரன் ஆஸ்திரேலியாவுல கறிக்கடை வெச்சிருக்கான்."

என் பெயரில் காகிதம் கேட்டால் அது பாக்கியிடம் போகும். பாக்கியிடமிருந்து உனக்கு வரும். வேறு பெயர் யோசித்தேன் அம்மா. சத்தியமாக யோசித்தேன். வாயில் வேறு எதுவும் வரவில்லை.

ஆட்டத்தில் எல்லைக் கோட்டிலிருந்து கத்துகிறார்கள், "டோனல், உனக்குத்தான், டோனல், ஓடு." கேட்டதும் கால் தானாக ஓடுகிறது. என் பெயரை யாராவது கூப்பிட்டால் கால் நின்றுவிடுகிறது. உனக்கு இது பைத்தியமாகத் தெரியும்.

அன்றைக்கு நடந்ததை நீ என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பூசை முடிந்து வந்து பக்கச் சுவருக்கு முன்னால் அவன் நின்றான். நான் அடித்தேன், அவன் பிடித்தான். "என்னடா குருவி, பொம்பளப் புள்ள மாதிரி தட்டறே? பலமா அடிடா" என்றான். பலமாக அடித்தேன். நெற்றிப் பொட்டில் பட்டது. உட்கார்ந்துவிட்டான். நான் ஓடினேன். அவன் சிரித்தான். "இதுக்குத்தான் இத்தனை வருஷமா காத்திருந்தியா?" என்றான். எழுந்து உள்ளே போய்ச் சாப்பிட்டான். இரண்டாவது தடவை உருளைக்கிழங்கு கேட்டான். நான் பார்த்தேன்.

பிறகு, தலை வலிக்கிறது, ட்ரமீன் ஆட்டத்துக்கு நான் வரவில்லை, நீ போய் என் இடத்தில் ஆடு என்றான். இரண்டு மணிக்குச் சைக்கிளில் போனேன். அவன் இடத்தில் ஆடினேன். நன்றாக ஆடினேன். ஐந்து மணிக்குத் திரும்பும்போது முற்றம் நிறைய ஆட்கள்.

இரண்டிலிருந்து ஐந்துவரை என்ன நடந்தது? இதுதான் நான் கேட்க வைத்திருந்தது. தூக்கத்தில் போய்விட்டான் என்று டாக்டரிடம் சொன்னாய். நான் நம்பினேன். ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் என்னை விடமாட்டேன் என்கிறது.

இன்னொன்று. சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர். முன்பக்கம் வலது தோள் தம்பியுடையது. யார் வீட்டிலும் அப்படித்தான். பெட்டி மேல் அவன் ஆட்டச் சட்டையை விரித்திருந்தார்கள். பாக்கி என்னைக் கூப்பிட்டார். நான் இரண்டு அடி வைத்தேன். நீ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய், "வேணாம். அந்தக் கை பெட்டியில படவேணாம்." என் இடத்தில் பாக்கி தோள் கொடுத்தார். நான் பின்னால் பிள்ளைகளோடு நடந்தேன்.

பெட்டியைத் தூக்கவிடவில்லை நீ. பெயரையாவது தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். அதையும் இறக்கி வைக்கச் சொல்லாதே.

ஃபிண்டன்


கில்பார்னா
29 செப்டம்பர் 1963

குருவி,

மூன்று கடிதம் எழுதி மூன்றையும் அடுப்பில் போட்டேன். இது நான்காவது. வைக்கோல் வந்துவிட்டது. உருளைக்கிழங்கு பாதி தோண்டியாயிற்று. கிடேரிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ வந்து வைப்பாய் என்று நினைத்திருந்தேன் போல.

கேட்டாயே. சொல்கிறேன். நிறுத்தி நிறுத்தித்தான் எழுத வரும்.

நீ போன அரை மணியில் வாந்தி எடுத்தான். படுக்கையிலேயே. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். விரிப்பை உருவி எடுத்தேன். அவனைத் திட்டினேன். "இருபது வயசு ஆம்பள, வாளியை எட்டி எடுக்கத் தெரியாதா?" என்றேன். அவன், "வெளிச்சம் கண்ணுல குத்துது, திரையை இழுத்து விடும்மா" என்றான். இழுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான், "சாமியார் கிட்ட கார் இருக்குல்ல?"

அவனே கேட்டான், ஃபிண்டன். அவன் வாயால் கேட்டான்.

நான் சொன்னேன், "தலைவலிக்குச் சாமியார் காரா? ஊரே சிரிக்கும். பேசாம தூங்கு."

தூங்குகிறேன் என்றான். நான் விரிப்பைத் துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை துவைக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் நாற்றம் வீட்டில் நிற்கக் கூடாதே என்று துவைத்தேன். இரண்டாவது தடவையும் எடுத்தான். இன்னொரு விரிப்பு. அதையும் துவைத்துக் கொடியில் போட்டேன். காற்று நன்றாக இருந்தது, சீக்கிரம் காயும் என்று நினைத்தது இப்போதும் நினைவிருக்கிறது. உள்ளே வந்தேன். டோனல் என்று கூப்பிட்டேன். ஒருக்களித்துப் படுத்திருந்தான். மறுபடியும் கூப்பிட்டேன்.

டாக்டர் வந்து கேட்டார், "வாந்தி எடுத்தானா?" அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கொடியில் இரண்டு விரிப்பும் சொட்டிக்கொண்டிருந்தன. நான் இல்லை என்றேன். தூக்கத்தில் போய்விட்டான் என்றேன். அவர் அதையே எழுதினார். நேரத்தோடு கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பெட்டி முன்னால் நீ இரண்டு அடி வைத்தாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்கப் பயம். நீ கேட்டுவிடுவாய் என்று பயம். அதனால் உன் கையைச் சொன்னேன். ஊர் மொத்தமும் உன் கையைப் பார்த்தது. என் கையை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சோப்பில் வெந்து சிவந்திருந்தது தெரிந்திருக்கும்.

உன் கையில் இருந்தது ஒரு பந்து. அவனே அடிக்கச் சொன்ன பந்து. என் கையில் இருந்தது மூன்று மணி நேரம்.

இதைப் படித்துவிட்டு நீ எழுதாமல் இருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அம்மா


லண்டன்
1 பிப்ரவரி 1964

அம்மா,

நான்கு மாதம் எழுதவில்லை. கோபம். எழுதினால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டி, "ஜுரமா?" என்றாள். ஆமாம் என்றேன். தேநீர் வைத்துவிட்டுப் போனாள். இந்தக் கை, இந்தக் கை என்று ஒன்றரை வருஷமாக இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். நீ அதைத் தெரிந்துகொண்டே காலுறை பின்னிக்கொண்டிருந்தாய். அதை என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு வேறொன்று தோன்றியது. நீ மறைத்தாய். நானும்தான் மறைத்தேன், அவன் பெயருக்குப் பின்னால். யாராவது ஒருத்தர் வெளியே வரவேண்டும்.

நவம்பரில், இறுதி ஆட்டத்துக்கு முந்தின புதன்கிழமை, செயலாளரிடம் போனேன்.

"என் பேரு டோனல் இல்ல. ஃபிண்டன். டோனல் என் அண்ணன். செத்துட்டான். எழுதிக்குங்க."

அவர் என்னையே பார்த்தார். "கோப்பை கைக்கு வந்த பொறவு இதைச் சொல்லக் கூடாதா? நாலு நாள் பொறுக்க முடியாதா உனக்கு?"

"முடியாதுங்க."

அவரே மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார், ஆயிரம் இருந்தாலும் நேர்மையான மனிதர். நான் ஆடிய ஆட்டம் எல்லாம் செல்லாது என்று சொல்லிக் கிளப்பை இறுதி ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்கு ஒரு வருஷம் தடை, எந்த ஊரிலும் ஆடக் கூடாது. கூட ஆடியவர்கள் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கறிக்கடைக்காரன் பெயரில் ஆடுகிறவன் மட்டும் குழிக்குள் இருந்தபடி சொன்னான், "செத்தவன் ஆடினப்ப ஜெயிச்சோம். உசுரோட இருக்கறவன் வந்தான், தோத்தோம்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம்தான் பேசினார்கள்.

பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் அம்மா. நீ கேட்டாயே.

இப்போது மைதானம் பக்கம் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீளமாக இருக்கிறது. வீட்டுக்கு வரலாமா என்று நானாகக் கேட்க மாட்டேன். நீ வா என்று சொன்னால் வருவேன்.

ஃபிண்டன்


கில்பார்னா
15 பிப்ரவரி 1964

குருவி,

உன் கடிதம் வந்த அந்தச் சனிக்கிழமை, கடையில் ஆள் நிறைந்திருக்கிற நேரம் பார்த்துப் போனேன். வேறு நேரம் போயிருந்தால் பாக்கியிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஏழு எட்டுப் பேர் நின்றார்கள். பால் ஊற்றுகிற இடத்தில் கேலி செய்த அந்த ட்ரமீன் ஆளும் ஆணி வாங்க வந்திருந்தான்.

"பாக்கி, அரை ராத்தல் தேயிலை" என்றேன். அவன் மடிக்கும்போது சொன்னேன். விரிப்பு, டாக்டர், சாமியார் கார், எல்லாம். ஃபிண்டன் கையை நான் சொன்னது பொய் என்று சொன்னேன். நடுவில் நிறுத்தியிருந்தால் முடித்திருக்க மாட்டேன், அதனால் நிறுத்தவில்லை.

பாக்கி தேயிலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே இருந்தான், மடித்ததையே மறுபடியும் மடித்தான்.

"டீலியா, அன்னிக்கு ஆட்டத்துக்குப் போய் எல்லா காரும் ட்ரமீன்லதான் நின்னுது. சாமியார் காரும் அங்கதான். நீ ஓடியிருந்தாலும் கெடைச்சிருக்காது."

"அது எனக்குத் தெரியாதே பாக்கி. நான் போய்ப் பாக்கலையே."

ட்ரமீன் ஆள் தொப்பியை எடுத்தான். நான் வெளியே வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சில பேர் இப்போது கோயிலில் என் பக்கத்தில் உட்காருவதில்லை. இரண்டு பேர் புதிதாக வந்து உட்காருகிறார்கள். இருக்கட்டும்.

டாக்டரிடமும் போகப்போகிறேன். போய்க் கேட்கப்போகிறேன். அவர் என்ன சொன்னாலும் உனக்கு எழுதுகிறேன், மறைக்க மாட்டேன்.

பாக்கி இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். "பையனுக்கு ஒரு வருஷம் தடைன்னு காயிதம் வந்துடுச்சு. நவம்பர்வரை மட்டையைத் தொட முடியாது, பாவி" என்றான். நான், "ஆடவா கூப்பிடறேன்? வீட்டுக்கு வரச் சொல்றேன்" என்றேன். ஆனாலும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். தொடாதே என்று கேட்டேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அண்ணன் மட்டை கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். உன் உயரத்துக்குச் சரியாக இருக்கும்.

இனி நான் எழுத வந்த விஷயம். மண் அமுங்க இரண்டு வருஷம் விடவேண்டும் என்பார்களே, அது முடிகிறது. கல் சொல்லிவிட்டேன். ஏப்ரல் எட்டாம் தேதி, அவன் நாளன்று, பூசை முடிந்து நடுகிறோம். கல்லறைத் தோட்டத்து வாசல் குறுகல், லாரி உள்ளே போகாது. வாசலிலிருந்து அவன் இடம்வரை ஆறு பேர் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். ஐந்து பேரைப் பாக்கி சொல்லிவிட்டான். முன்பக்கம் வலது தோளுக்கு ஆள் போட வேண்டாம் என்று சொன்னேன்.

வா, ஃபிண்டன். உன் அம்மா வா என்று சொல்கிறேன்.

கல் கொத்துகிறவர் நேற்று வந்தார். பெயர் சொன்னேன். வயது கேட்டார். இருபது என்றேன். ஒரு மாதம், நான்கு நாள் என்றும் சொன்னேன். அதெல்லாம் கல்லில் கொள்ளாது அம்மா என்றார். அவர் போனபிறகு சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். உனக்கும் நேற்றோடு இருபது வயது, ஒரு மாதம், நான்கு நாள். விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினேன். இன்றைக்கு அவனைவிட உனக்கு ஒரு நாள் கூடுதல்.

மாட்டைக் கட்டிவிட்டு மத்தியானம் அவனிடம் போனேன். கொஞ்சம் புல் பிடுங்கினேன். தம்பி வருகிறான் என்று சொன்னேன். உன் பெயரை அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான் டோனல், இனி தன் பெயரில்தான் ஆடுவான் என்று சொன்னேன். கிளம்பும்போது ஒன்று கேட்டேன். உனக்கும் இதற்குப் பதில் தெரிந்திருக்காது, இருந்தாலும் அவனிடம் கேட்டதை உனக்கும் எழுதிவிடுகிறேன்.

டோனல், என் கண்ணே, இனிமேல் உங்கள் இரண்டு பேரில் யாரடா மூத்தவன்?

அம்மா